தெரியவில்லை என்று எழுதிய இருபத்திரண்டு சொற்கள்

சலத்திகா,
9 ஜனவரி 1989

தங்கை வார்சினிக்கு,

அண்ணன் மர்த்தோயோ எழுதுவது. எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. செய்தவர் உன் கணவர். நலம் விசாரிப்பதைக் கடிதத்தின் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நாற்பத்தோரு வருடமாக நான் சேர்த்த சொற்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. நம் இந்தோனேசிய மொழியில் எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தது என்று நான் எழுதி வைத்தவை. அட்டையில் பாரிங்கின் ஹராஹாப் என்று பெரிதாக இருக்கிறது. என் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. முன்னுரையின் கடைசிக்கு முந்தின வரியில், "ஜாவாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் சில குறிப்புகள் தந்து உதவினார்" என்று போட்டிருக்கிறது. அந்த உறவினர் நான். அந்தச் சில குறிப்புகள் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

புத்தகத்தை மாப்பிள்ளையே தபாலில் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு டப்பா கேக். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். சைக்கிள் பட்டறை வைத்துப் பிழைத்தவன். 1947-ல் டச்சுப் படை ஊருக்குள் வந்தபோது ஒரு சிப்பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பிரேக்கைக் காட்டி 'ரெம்' என்றான். அதுவரை அது நம் சொல் என்று நினைத்திருந்தேன். அன்று மாலை ஒரு கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் அதை எழுதி வைத்தேன். அப்படி ஆரம்பித்தது. பட்டறையைக் குறிக்கும் 'பெங்கெல்' கூட அவர்கள் சொல்தான். அவர்களிடம் கடை என்று பொருள். இங்கே வந்து கையில் எண்ணெய் பூசிக்கொண்டது. இதை எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லவில்லை. வருகிற ஒவ்வோர் ஆளையும் கேட்டுக் கேட்டு, வந்த பத்திரிகைகளையெல்லாம் வெட்டி எழுதினேன். நம் தெருவில் யாருக்கு எந்தத் தேதியில் கல்யாணம் என்பது அந்தச் சீட்டுகளைத் திருப்பினால் தெரியும்.

அம்மா இறந்த ஆயிரமாம் நாள் விருந்து முடிந்து நீங்கள் ஊருக்குப் போகும்போது உன் கணவர் என் சீட்டுப் பெட்டியையும் கொண்டுபோனார். நடந்தது அவ்வளவுதான்.

என் பெயர் அந்தப் புத்தகத்தில் வர வேண்டும். அவரிடம் சொல்.

உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. மழைக்கு என் முழங்கால் வலிக்கிறது. இறைவன் உங்களைக் காப்பான். இந்த முறை 'உங்களை' என்பதை உன்னை மட்டும் நினைத்து எழுதியிருக்கிறேன்.

அண்ணன்,
மர்த்தோயோ


மேடான்,
27 ஜனவரி 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். நாங்கள் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்காலுக்கு இஞ்சியும் அரிசியும் அரைத்துப் பற்றுப் போடுங்கள், மழையில் பட்டறை வாசலில் உட்கார வேண்டாம்.

கடிதத்தை இரண்டு நாள் என்னிடமே வைத்திருந்தேன். பிறகு அவரிடம் படித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "உங்க அண்ணன் குடுத்ததுதானே? குடுத்ததத்தானே அச்சடிச்சேன்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். கேக் பிடித்திருந்ததா என்று எழுதவே இல்லையே என்றும் கேட்டார்.

ஒரு செய்தி உண்டு. புத்தகத்தை இங்குள்ள பள்ளிகளுக்கு எடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. ஆகஸ்டில் இரண்டாம் பதிப்புப் போடப்போகிறார்கள். அதில் எப்படி அச்சாகிறதோ அப்படித்தான் இனி பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள். எது செய்வதானாலும் அதற்கு முன் செய்ய வேண்டும்.

அண்ணா, நாங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று நீங்கள் இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நான் தேநீர் கொண்டு வந்தேன். பெட்டி உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
வார்சினி


சலத்திகா,
10 பிப்ரவரி 1989

தங்கை வார்சினிக்கு,

நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். பற்றுப் போட்டேன். முழங்கால் எரிந்தது, வலி அப்படியே இருக்கிறது.

தேநீரைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேநீர் நன்றாக இருந்தது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதம் எழுதியபோது புத்தகத்தை முழுக்கப் பார்த்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டேன். நாற்பத்தோரு வருடத்தில் இருபத்திரண்டு சொற்களுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அந்தச் சீட்டுகளில் 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். உன் கணவர் அத்தனைக்கும் விடை எழுதிவிட்டார்.

திருப்புளியை எடுத்துக்கொள். அதை 'ஒபெங்' என்கிறோம். ஐம்பது வருடமாக என் கையில் இருக்கிற சாமான். அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கடைத்தெருச் சீனரைக் கேட்டேன், அவருக்கு உறுதியில்லை. மலைமேல் தங்கியிருந்த டச்சுப் பாதிரியாரைக் கேட்டேன். அவர்கள் பாஷையில் அதற்கு இருக்கும் சொல் சைக்கிள் சங்கிலி நீளம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு டயரைக் கழற்றிவிட்டேன். ஆகவே 'தெரியவில்லை' என்று எழுதினேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது? 'டச்சுச் சொல்.' எவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிட்டது பார்.

பெயரைத் திருடியது ஒரு குற்றம். தெரியாததைத் தெரிந்ததாக எழுதியது அதைவிடப் பெரிய குற்றம். நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யப்போகிறார்களாம்.

என் பெயர் வர வேண்டும். பொய் வெளியே போக வேண்டும். இரண்டும்.

இங்கே மிளகாய் விலை ஏறிவிட்டது. மற்றபடி சுகம்.

அண்ணன்,
மர்த்தோயோ


மேடான்,
22 பிப்ரவரி 1989

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கத்துடன் பாரிங்கின் எழுதுவது. உங்கள் முழங்கால் குணமாகட்டும். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நாங்கள் வட சுமத்ராக்காரர்கள், நெஞ்சில் இருப்பது நேரே நாக்குக்கு வந்துவிடும்.

நான் திருடவில்லை. அன்று கூடத்தில் நீங்கள் பெட்டியை என் பக்கம் தள்ளி, "எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை, ஒங்களுதுன்னே வெச்சுக்குங்க. நான் வெச்சு என்ன பண்ணப்போறேன்" என்றீர்கள். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. எங்கள் ஹராஹாப் குலத்தில் பெண் கொடுத்த வீடு என்றால் தலைக்கு மேல். மனைவியின் அண்ணன் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் அதைவிட அவமரியாதை கிடையாது. பழைய செருப்பைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். ரயிலிலும் கப்பலிலும் நான்கு நாள் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வார்சினிக்கு உட்கார இடமில்லை, பெட்டிக்கு இருந்தது.

பெயர் விஷயம். போன வருடம் ஜூனில் உங்களைக் கேட்டு எழுதினேன். நீங்கள் அஞ்சலட்டையில் போட்ட பதில் இதோ என் முன்னால் இருக்கிறது: "சைக்கிள்காரன் பெயர் எதற்கு? பள்ளிக்கூட வாத்தியார் பெயர் இருந்தால்தான் நாலு பேர் வாங்குவார்கள். என் பெயரைப் போட வேண்டாம்." கீழே உங்கள் கையெழுத்து. பெரியவர் சொன்னார், கேட்டேன். இதில் என் குற்றம் என்ன?

அந்த இருபத்திரண்டு. முப்பத்தெட்டு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். விடைத்தாளில் இடம் விட்டுவிட்டு வந்தால் பூச்சியம், ஏதாவது எழுதினால் அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் பல் போன மாதிரி இடைவெளி இருந்தால் அச்சகத்தார் சிரிப்பார்கள். அதனால் நிரப்பினேன்.

மற்றவை நேரில். லெபரான் பெருநாளுக்கு இருவரும் வருவதாக இருக்கிறோம்.

மரியாதையுடன்,
பாரிங்கின் ஹராஹாப்


சலத்திகா,
6 மார்ச் 1989

வார்சினி,

நலம். மாப்பிள்ளைக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை, உனக்கு எழுதுகிறேன்.

நீ ஜாவாவில் பிறந்தவள், உனக்குத் தெரியும். சாப்பிடுகிற வேளையில் யாராவது வாசலில் போனால் "வாங்க, சாப்பிடலாம்" என்கிறோம். உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்களா? ஒருவர் கொடுத்தால் மற்றவர் மூன்று முறை மறுக்க வேண்டும். மூன்றுக்குப் பிறகும் கொடுத்தால்தான் அது கொடுத்தது. அதேபோல் ஒருவர் "என் பெயர் எதற்கு" என்றால் "அதெப்படி, உங்கள் பெயர் இல்லாமலா" என்று மூன்று முறை வற்புறுத்த வேண்டும். அவர் ஒரு தடவை கூட மறுக்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் இல்லை. முப்பது வருடம் நம் வீட்டு மாப்பிள்ளையாக இருந்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

லெபரானுக்கு வர வேண்டாம். இரண்டு பேரும்.

அண்ணன்


மேடான்,
29 ஏப்ரல் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோன்பு நல்லபடி நடக்கிறதா? பட்டறை வேலையோடு நோன்பு இருக்கிறீர்கள், விடியலுக்கு முன் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிறந்ததிலிருந்து எந்த லெபரானுக்கும் நான் உங்கள் முழங்காலில் நெற்றி வைத்து மன்னிப்புக் கேட்காமல் இருந்ததில்லை. வர முடியாத வருடங்களில் தந்தியாவது கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் காகிதத்தில் நெற்றி வைக்கிறேன். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை உடலாலும் உள்ளத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லோருக்கும் எழுதுகிற வாக்கியம்தான். இந்தத் தடவை எனக்கு அதில் சொல்ல விஷயம் இருக்கிறது.

நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள். குற்றம் செய்தவள் நான். அன்று தேநீர்த் தட்டோடு நான் வாசற்படியில் நின்றேன். நீங்கள் சொன்னதைக் கேட்டேன். உங்களுக்கு அது உபசாரப் பேச்சு என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது கட்டளை என்றும் தெரியும். இரண்டு பாஷையும் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். "அண்ணன் சும்மா சொல்றார், வாங்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லாமல் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முதல் நாள் அம்மாவின் பாத்திரங்களை எடுக்க உங்கள் அலமாரிக்குப் பின்னால் போனேன். உங்கள் இன்னொரு பெட்டியின் அடியில் கறையான் இருந்தது. ஒரு கட்டுச் சீட்டு கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தது. உங்களிடம் சொன்னால் மூடி போட்டு இன்னும் உள்ளே தள்ளி வைப்பீர்கள். அச்சுக்குக் கொடுங்கள் என்று இருபது வருடமாக நானும் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் "இன்னும் முடியலை" என்பீர்கள். இந்த மனிதர் கையில் போனால் ஒரு வருடத்தில் புத்தகமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருந்தேன்.

பெயர் இல்லாமல் வரும் என்று நினைக்கவில்லை. அஞ்சலட்டை வந்தபோது "இது நிஜமா வேண்டாம்னு அர்த்தமில்ல, இன்னொரு தடவை கேளுங்க" என்றேன். "கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கார், வேண்டாம்னா வேண்டாம்தான். ஒங்க ஊர்ல வேண்டாம்கிறதுக்கு வேற சொல் இருக்கா?" என்றார். அதற்கு மேல் நான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

மன்னிக்க முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டாலும் முழங்கால் எப்படி இருக்கிறது என்றாவது எழுதுங்கள்.

தங்கை,
வார்சினி


சலத்திகா,
4 ஜூன் 1989

வார்சினிக்கு,

முழங்கால் பரவாயில்லை.

லெபரானுக்குத் தெரு முழுக்க வந்துபோனது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, ஆளாளுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஓலைப் பொட்டலச் சோறு மீந்துபோயிற்று. நீ வந்த வருடங்களிலெல்லாம் எத்தனை பேருக்கு என்று கணக்குப் பார்த்துக் கட்டியது நீதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் அலமாரியை நகர்த்தினேன். பெட்டியைத் திறந்தேன். 'கா' வரிசையில் பாதி இல்லை. 'பா' வரிசையில் மேலே பத்துப் பதினைந்து சீட்டு மிச்சம். மீதி மண். அவற்றில் இருந்தவை என் தலையில் பாதி இருக்கின்றன. மற்றது போனதுதான். மாப்பிள்ளை கொண்டுபோன பெட்டியில் இருந்தவை மட்டும் புத்தகத்தில் இருக்கின்றன.

மூன்று வாரம் பட்டறை திறக்கவில்லை. காய்ச்சல் என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேள். இருபத்திரண்டில் 'மோடல்' என்று ஒரு சொல். வியாபாரத்தில் போடுகிற பணம். என் சீட்டில் 'தெரியவில்லை. தமிழாக இருக்கலாம், கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். சலத்திகாவில் கேட்க ஆள் கிடைக்கவில்லை. அவர் அதையும் டச்சு என்று போட்டுவிட்டார். உங்கள் ஊரில் தமிழர்கள் ஒரு பேட்டையே இருக்கிறார்கள் என்பாய். அவர் வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரமாகும்?

மன்னிப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாத்திரை சாப்பிடு.

அண்ணன்,
மர்த்தோயோ


மேடான்,
21 ஜூன் 1989

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம், உங்கள் நலத்தைத் தொழுகையில் கேட்டுக்கொள்கிறோம். பெட்டி விஷயம் கேட்டு வார்சினி அழுதாள். நான் மீன் வாங்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

தமிழர் பேட்டைக்கு எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். புத்தகம் எழுதிய ஒன்றரை வருடத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் நடக்கவில்லை. இப்போது போனேன். கோயிலுக்கு எதிரே மசாலாக் கடை வைத்திருக்கும் வீராசாமி என்பவரைக் கேட்டேன். எழுபது வயதிருக்கும். மல்லி புடைத்துக்கொண்டே பேசினார்.

"மோடலா? முதல்னு சொல்லுவோம். எங்க தாத்தா மூணு மூட்டை மல்லிய முதலாப் போட்டு ஆரம்பிச்ச கடை இது. எந்த வெள்ளைக்காரன் வந்து இதச் சொல்லிக் குடுத்தான்?" என்றார். புத்தகத்தைக் காட்டினேன். டச்சு என்று இருந்ததைப் படித்ததும் புடைப்பதை நிறுத்திவிட்டார். "நீங்கதான் எழுதினதா வாத்தியாரே? பரவால்ல, எழுதறவங்க எல்லாரும் கேட்டுட்டா எழுதறாங்க" என்றார். இதைவிட என்னை அடித்திருக்கலாம்.

பிறகு கப்பல் என்று பொருள்படும் நம் 'காபால்' சொல்லும் அவர்களுடையதுதானா என்று கேட்டேன். அதை நீங்கள் சரியாகவே எழுதியிருந்தீர்கள், இருந்தாலும் கேட்க வேண்டும் போலிருந்தது. "கப்பல் எங்களுதுதான். இல்லன்னா இவ்வளவு தூரம் நீந்தியா வந்திருப்போம்?" என்றார். கணவனுக்கு நாம் சொல்லும் 'சுஆமி' கோயிலில் இருக்கிற சாமிதான் என்றும் சொன்னார். அது சமஸ்கிருதத்திலிருந்து என்று உங்கள் சீட்டில் இருந்தது. வீட்டில் வந்து வார்சினியிடம் சொன்னேன். "சாமிங்கன்னா வருஷத்துக்கு ஒரு தடவை பல்லக்குல ஏத்தித் தெருவ சுத்திட்டு உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. வசதிதான்" என்றாள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டையும் எடுத்துக்கொண்டு அலைகிறேன். காப்பிக் கடைச் சீனக் கிழவர், ஜவுளிக்கடை அரபுக்காரர், துறைமுகத்தில் வேலை செய்த என் பழைய மாணவன், யாரையும் விடவில்லை. ஆறு சொற்களுக்கு ஆள் கிடைத்தார்கள். பதினாறுக்குக் கிடைக்கவில்லை. ஒபெங் அந்தப் பதினாறில் இருக்கிறது. நேற்று அதற்கு எதிரே நான் போட்டிருந்த 'டச்சு' என்பதை அடித்துவிட்டு 'தெரியவில்லை' என்று என் கையால் எழுதினேன். மச்சான், அந்த ஒரு சொல்லை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நீங்கள் அதை இருபத்திரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

அன்று பெட்டியை வாங்கியதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். எங்கள் முறையில் அது சரி. ஆனால் 'உறவினர் ஒருவர்' என்று எழுதியதற்குக் கேட்கிறேன். பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். 'சில குறிப்புகள்' என்று எழுதச் சொல்லவில்லை. அது என் ஆசை. பென்ஷன் வாங்கிய வாத்தியாரை ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புத்தகம் வந்த பிறகு பார்த்தார்கள். அந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரிந்துதான் எழுதினேன்.

வார்சினி உங்கள் ஊர்க் கணக்கைச் சொன்னாள். அதன்படி, உங்கள் பெயரைப் போட அனுமதி கேட்கிறேன். இது முதல் தடவை.

வேண்டாம் என்பீர்கள். அதெப்படி, உங்கள் பெயர் இல்லாமல் அது புத்தகமா? இது இரண்டாம் தடவை.

மறுபடியும் வேண்டாம் என்பீர்கள். போடாவிட்டால் உங்கள் தங்கை என்னைச் சோறு போடாமல் கொன்றுவிடுவாள். மூன்றாம் தடவை.

போன வருட அஞ்சலட்டைக்கு ஈடாக இன்னொரு தடவையும் கேட்க வேண்டுமானால் எழுதுங்கள், கேட்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் உங்கள் சம்மதம் கையெழுத்தோடு வந்தால் அட்டையை மாற்றுவதாக அச்சகத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மரியாதையுடன்,
பாரிங்கின் ஹராஹாப்


சலத்திகா,
5 ஜூலை 1989

மாப்பிள்ளை பாரிங்கினுக்கும் தங்கை வார்சினிக்கும்,

இருவரும் நலமாய் இருக்க வேண்டும். நான் சுகம். பட்டறையைத் திறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்த அஞ்சலட்டையை விட்டால் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுவாக இருக்கும். அன்று பெட்டியை நான்தான் உங்கள் பக்கம் தள்ளினேன். தங்கைக்கு எழுதிய முதல் கடிதத்தில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். அதற்காக நீங்கள் எழுதிய முன்னுரை சரியாகிவிடாது. அது அநியாயம்தான், இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒரே கடிதத்தில் மூன்று முறை கேட்டால் அது மூன்றாகுமா என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வார்சினி, நீ செய்தது எனக்குத் தெரியாமல் என் வீட்டில் நடந்த காரியம். அதனால் மூவாயிரத்து எண்ணூறு சொற்கள் கறையானுக்குப் போகாமல் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எடை போட எனக்குத் தராசு இல்லை. லெபரான் கடிதத்துக்குப் பதில் கேட்டிருந்தாய். பொறுத்தேன். நீயும் என்னைப் பொறுத்துக்கொள்.

இனி ஆக வேண்டியவை.

முன்னுரையை மாப்பிள்ளை மறுபடி எழுத வேண்டும். 'உறவினர் ஒருவர்' வெளியே போக வேண்டும். என்னைப் புகழ்ந்து எதுவும் வேண்டாம். சைக்கிள் பட்டறைக்காரன் என்று இருக்கட்டும், அது உண்மை. நீங்கள் சீட்டுகளை வரிசைப்படுத்தி, என் கிறுக்கலைப் படித்து, நல்ல வாக்கியமாக்கியதையும் எழுதுங்கள். அதை நான் செய்திருக்க மாட்டேன்.

கிடைத்த ஆறு சொற்களுக்கும் சொன்னவர் பெயரைப் போட வேண்டும். மல்லி புடைத்தவர் பெயரையும்.

பதினாறு சொற்களுக்கு எதிரே 'தெரியவில்லை' என்று முழுச் சொல்லாக அச்சாக வேண்டும். கோடு, புள்ளி, கேள்விக்குறி எதுவும் ஆகாது. அதன் கீழே, தெரிந்தவர்கள் எழுதவும் என்று மேடான் முகவரியைப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகிறார்கள் அல்லவா, அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதட்டும். ஒருவராவது ஒபெங்குக்கு வழி சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வருகிற கடிதங்களை மாப்பிள்ளை பிரிக்கக் கூடாது. பிரித்தால் நம்பிவிடுவார். எனக்கு அனுப்ப வேண்டும், நான் விசாரிக்கிறேன்.

அச்சுத் தாளைத் திருத்துவதற்கு முன் வார்சினி ஒரு தடவை சத்தமாகப் படிக்க வேண்டும். மாப்பிள்ளை கேட்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது.

நான் செய்ய வேண்டியது: கறையான் விட்டுவைத்த சீட்டுகளை வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். இருநூற்று நாற்பது தேறும். மண்ணாகிப்போனவற்றில் நினைவுக்கு வருபவற்றைத் தினம் பத்தாக எழுதுகிறேன். மாத முடிவில் அந்தப் பெட்டியையும் அனுப்புகிறேன். இந்தத் தடவை கொடுக்கிறேன் என்றே எழுதுகிறேன், யாரும் மறுக்க வேண்டாம்.

அச்சகத்தார் செய்ய வேண்டியது: சம்மதக் கடிதம் கையெழுத்தோடு இத்துடன் இருக்கிறது. அட்டையில் இரண்டு பெயர் போட வேண்டும். இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பெயர் மேலே என்று மாப்பிள்ளை கேட்பார். இரண்டு நாள் யோசித்தேன். இது சொற்களின் புத்தகம். சொற்களை எப்படி அடுக்குகிறோமோ அப்படியே ஆட்களையும் அடுக்க வேண்டும். அகரவரிசையில் பாரிங்கின் முதலில் வருகிறார், மர்த்தோயோ பின்னால் வருகிறார். அதன்படியே போடட்டும்.

அண்ணன்,
மர்த்தோயோ